சுடாத குடத்தில் நின்ற தண்ணீர்

சாவிச் சத்தத்தோடு வீடு முழுக்க நடமாடிய என் அத்தைக்கு,

நன்றாக இருக்கிறீர்களா? "செத்தவகிட்ட கேக்கற கேள்வியாடி இது" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரித்தால் சிரியுங்கள். இந்த ஆடிக்குப் பிறகு, உங்களிடம் கேட்காமல் எதையும் செய்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. டெல்லியும் நம் ஜனக்புரியும் அப்படியேதான் இருக்கின்றன. காலையில் தண்ணீர் வந்ததும் எல்லா வீட்டு மோட்டாரும் ஒன்றாக உறுமுகிறது. கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் உங்கள் மிளகாய்ப் பொடியை இன்னும் மறக்கவில்லை. நான் அரைத்துக் கொடுத்ததை ருசி பார்த்துவிட்டு, "அச்சா ஹை, பர் ஆன்ட்டிஜி வாலா நஹீ" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள், நன்றாக இருக்கிறதாம், ஆனால் உங்கள் கைப்பக்குவம் இல்லையாம். உங்கள் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் முடி கொட்டிவிட்டது. மாமா பால்கனி நாற்காலியை விட்டு எழுவதில்லை. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குத் தெருமுனை வரைக்கும் பளிச்சென்று தெரிகிறது. அதுதான் வினையாகப் போயிற்று.

ஆடி பிறந்த வாரம், உங்கள் பேத்தி தாரிணி கல்லூரியிலிருந்து ஒரு பையனின் பைக்கில் வந்து தெருமுனையில் இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். அவன் ஏதோ சொல்ல, இவள் சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது. மாமா மேலே இருந்து பார்த்துவிட்டார். மேலே இருந்து பார்ப்பது அவருக்கு எவ்வளவு பழைய வழக்கம் என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்?

அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. உங்கள் பிள்ளை பேங்கிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் வரை காத்திருந்தார்.

"சேகரு, அவள வேலூர்ல உங்க சித்தப்பன் வூட்ல கொண்டுபோய் வுட்டுட்டு வா. படிச்சது போதும். ஆடி வெள்ளி பூசை முடிஞ்ச கையோட ரயிலேத்து."

"சரிப்பா."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. பேங்கில் ஒரு கிளையையே அதட்டி வேலை வாங்குகிற மனிதர், தன் அப்பா முன்னால் நின்றால் மட்டும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகிவிடுகிறார். நான் சும்மா இருக்கவில்லை. கத்தினேன். தட்டைக்கூட ஒருமுறை தரையில் போட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"கொஞ்ச நாள்தான கோமு. அப்பாவுக்குக் கோபம் தணிஞ்சதும் நானே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

கோபம் தணிந்ததும் கூட்டிவந்த கதை ஒன்றை நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள், அத்தை.

தாரிணி அழவில்லை. அவளுடைய அரைகுறைத் தமிழில் என்னிடம் சண்டைக்கு வந்தாள். "மா, நான் என்ன பார்சலா? அனுப்பு, அப்புறம் திரும்ப வாங்கிக்கோ. கிஸீ நே பூச்சா பீ நஹீ. யாருமே என்கிட்ட ஒண்ணும் கேக்கல." "ஏட்டி, சும்மா கிட" என்று அவளையே அதட்டிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன்.

அந்த அடுக்களையில்தான், வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டே, உங்கள் கதையை எனக்குச் சொன்னீர்கள். அப்போது தாரிணி கைக்குழந்தை. நீங்கள் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னீர்கள், யாரோ அடுத்த வீட்டுக்காரி கதை மாதிரி.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்த காலம். கொல்லைப்பக்கக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆகஸ்ட் மாதம், டெல்லி வானம் முழுக்கப் பட்டம். எதிர் மொட்டைமாடியில் ஒருவன் பட்டம் விட்டுக்கொண்டிருந்தான். நீங்கள் அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டீர்கள். வாளி நிரம்பி, வழிந்து, உங்கள் கால் நனைந்து, தண்ணீர் முற்றம் முழுக்க ஓடியது. மாமா மேலே ஜன்னலில் நின்றிருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் உங்கள் பிள்ளையிடம், "உங்கம்மாவ ரயிலேத்திட்டு வா" என்றார். உங்கள் பிள்ளைக்கு அப்போது இன்றைய தாரிணியின் வயதுதான் இருக்கும். "சரிப்பா" என்றார். உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். வாழைப்பழமும் தண்ணீரும் வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தார். ஏன் என்று அவர் உங்களையும் கேட்கவில்லை, தன் அப்பாவையும் கேட்கவில்லை.

அண்ணன் வீட்டில் வாழாவெட்டி என்ற பேரோடு ஒரு வருஷத்துக்கு மேலேயே கிடந்தீர்கள். மாமாவுக்கு ஓட்டல் சாப்பாட்டில் வயிறு கெட்டதும் கோபம் தணிந்தது. அதே பிள்ளை வந்து நின்றார். "வாம்மா, அப்பா வரச் சொன்னாரு." வந்தீர்கள். வந்து பார்த்தால் கதவில் வேறு பூட்டு, சாவி மாமாவிடம். மாமா ஆபீஸிலிருந்து வரும் வரை, எல்லா வீட்டுக் கண்களும் பார்க்க, படிக்கட்டில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தீர்கள்.

"போம்போதும் யாரும் கேக்கல, வரும்போதும் யாரும் கேக்கல. பொட்டியாட்டம் போனேன், பொட்டியாட்டம் வந்தேன்" என்றீர்கள்.

நான் கோபத்தில், "பட்டத்தைப் பார்த்தது ஒரு குற்றமா அத்தை?" என்றேன். நீங்கள் கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, வாய்க்குள் ஒரு சிரிப்பு சிரித்தீர்கள். "பட்டத்தியும் பாத்தேன், அவனியும் பாத்தேன். நல்லாத்தான் இருந்தான். அதுக்கு இன்னா இப்போ?"

அந்தச் சிரிப்புக்காகவே உங்களை எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து என் அம்மாவிடம் சொல்லாததையும் உங்களிடம் சொன்னேன்.

திரும்பி வந்த நாளிலிருந்து வீட்டுச் சாவியை முந்தானை நுனியில் முடிந்துகொண்டீர்கள். குளிக்கும்போது, தூங்கும்போது, கீழே காய்கறிக்காரன் வண்டி வரைக்கும் போகும்போதுகூட அது உங்களோடு இருக்கும். நடந்தால் வளையலில் பட்டு டிங், டிங் என்று கேட்கும். உங்கள் புடவைகள் எல்லாவற்றிலும் அந்த ஒரு மூலை மட்டும் முறுக்கிக்கொண்டு, துருக்கறை பிடித்திருக்கும். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அந்தச் சாவி காணாமல் போயிற்று. வீட்டையே புரட்டிப் பார்த்து அலுத்து, வேறு சாவி செய்துகொண்டோம்.

இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டும் என்று நம் வீட்டு அம்மன் கதையையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன மாதிரிதான்.

ரேணுகா ஜமதக்னி முனிவரின் மனைவி. தினமும் ஆற்று மணலைப் பிசைந்து, சுடாமலே குடம் செய்து, அதில் தண்ணீர் கொண்டுவருவாள். அவள் மனசு கலையாத வரை குடமும் கலையாதாம். ஒருநாள் வானத்தில் போன ஒரு கந்தர்வனின் நிழல் தண்ணீரில் விழுந்தது. அழகாக இருக்கிறானே என்று ஒரு கணம் பார்த்தாள். குடம் கரைந்துவிட்டது. முனிவருக்குத் தெரிந்துவிட்டது. மகன் பரசுராமனைக் கூப்பிட்டு, அம்மா தலையை வெட்டு என்றார். அவனும் "சரிப்பா" ரகம்தான். கோடரியை எடுத்துக்கொண்டு போனான். அங்கே பேரில்லாத ஒருத்தி, அவளை வெட்டாதே என்று ரேணுகாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஒரே வீச்சில் இரண்டு தலையும் விழுந்தன. அப்பா மெச்சி, என்ன வரம் வேண்டும் என்று கேட்டார். அம்மாவை உயிரோடு கொடுங்கள் என்றான். கொடுத்தார். அவசரத்தில் தலையை மாற்றி ஒட்டிவிட்டான். அவள் தலை, இன்னொருத்தி உடம்பு. அதனால்தான் உங்கள் ஆற்காட்டுப் பக்கத்தில் அவளை வெறும் தலையாக, சிரசாக வைத்துக் கும்பிடுகிறார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் தீரவே இல்லை. உயிர் வந்து எழுந்த பிறகு ரேணுகா என்ன செய்தாள்? தன்னை வெட்டச் சொன்னவருக்கு மறுபடியும் தண்ணீர் எடுக்கப் போனாளா? வெட்டின கைக்குச் சோறு பிசைந்து போட்டாளா? திரும்பி வருகிறாயா என்று அவளை யாராவது கேட்டார்களா? புராணம் சரியாக அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது.

உங்கள் வருஷத் திதி முடிந்து வந்த முதல் ஆடி இது. ஆடி வெள்ளியன்று பரணிலிருந்து அரிசி டிரம்மை இறக்கினோம். உங்கள் மாமியார் மடியில் வைத்து ரயிலில் கொண்டுவந்த அம்மனின் பித்தளைத் தலை, வழக்கம்போல அரிசிக்குள் புதைந்து கிடந்தது. நான்தான் கையை விட்டு எடுத்தேன். கண்ணிலும் உதட்டிலும் அரிசி ஒட்டியிருந்தது. எப்போதும் சில்லென்று இருக்கும். இந்த முறை கதகதப்பாக இருந்தது. பரண் சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

குடத்துக்கு உத்தம் நகர் குயவர் தெருவுக்கு நானே போயிருந்தேன். சூளையில் வைக்காத குடம் வேண்டும் என்றதும் அந்த ஆள் என்னை மேலும் கீழும் பார்த்தான். "கச்சா மட்கா? இஸ்மே பானீ நஹீ டிகேகா, பஹன்ஜீ." இதில் தண்ணீர் நிற்காதாம். நிற்கக் கூடாது, அதற்காகத்தான் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது?

நம் வீட்டு வழக்கமே அதுதானே. சுடாத குடத்துக்கு வீட்டு மருமகள் கட்டின புடவையைச் சுற்றி, மகன் தண்ணீர் ஊற்றி, அதன் வாயில் தலையை வைக்க வேண்டும். பொங்கல் படைத்துக் கற்பூரம் காட்டுவதற்குள் அடியில் ஈரம் கசியும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் குடம் சரிந்துவிடும். "ஆத்தா ஆத்துக்குப் போய்ட்டா" என்று சொல்லிவிட்டுத் தலையை எடுத்து அரிசிக்குள் வைத்துவிடுவோம். குடம் நிற்கும் வரை வீட்டுப் பெண்கள் யாரும் ஊருக்குப் பயணம் கிளம்பக் கூடாது. இதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை, எந்த வருஷமும் குடம் மத்தியானத்தைத் தாண்டியதில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்தே அவசரம். ராகுகாலத்துக்கு முன்னால் முடிக்க வேண்டும். தெருவில் கங்கைத் தண்ணீர்க் காவடி தூக்கிப் போகிற பையன்களின் ஸ்பீக்கர் சத்தம் ஜன்னலை உதறியது. "ஜல்தி, ஜல்தி" என்று மாமா வேறு. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. நான் உள்ளறை இருட்டில் பீரோவைத் திறந்து என் அரக்குப் புடவையை உருவி எடுத்து வந்தேன். கடுகு மஞ்சள் கரை. உங்களுக்கும் எனக்கும் ஒரே மாதிரி எடுத்து வந்தாரே உங்கள் பிள்ளை, "இன்னாடி, பேண்டு கோஷ்டி கணக்கா நிக்கிறோம்" என்று நீங்கள் கேலி செய்தீர்களே, அதுதான். குடத்துக்குக் கொசுவம் வைத்துச் சுற்றி முந்தானையை இடது பக்கம் தொங்கவிட்டேன். உங்கள் பிள்ளை தண்ணீர் ஊற்றித் தலையை வைத்தார்.

பொங்கல் படைத்தோம். கற்பூரம் காட்டினோம். குடம் வைத்த மணையில் ஈரம் இல்லை.

மத்தியானச் சாப்பாடு ஆயிற்று. குடம் நின்றது. நான் குனிந்து அடியைத் தடவிப் பார்த்தேன். மணையில் பரப்பிய அரிசி உலர்ந்து கிடந்தது. தாரிணியின் பெட்டி கதவோரம் தயாராக இருந்தது. சாயங்காலம் ஆயிற்று. தலை வைத்தபோது கிழக்கைப் பார்த்திருந்தது, இப்போது கொஞ்சம் தெருக்கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. யாராவது தொட்டீர்களா என்று கேட்டேன். யாரும் தொடவில்லை.

"இன்னாடா இது, எந்தக் கொயவன்கிட்ட வாங்கின? சுட்டு வித்துட்டான் போல" என்று மாமா எரிந்து விழுந்தார். குடத்தை நகத்தால் கீறிப் பார்த்தேன். ஈரமண் நகத்தில் வந்தது. சுடாத குடம்தான். தண்ணீர் மட்டும் உள்ளே நின்றது. தாரிணி என் பின்னால் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, "மா, உனக்கு ஓமத்தைலம் வாசனை வருதா?" என்றாள். எனக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. நீங்கள் முழங்காலுக்குத் தேய்க்கிற அதே ஓமத்தைலம்.

நான் போய் பீரோவைத் திறந்தேன். அப்போது கரண்ட் வந்திருந்தது. நடுத்தட்டில், நான் போன மாதம் இஸ்திரி போட்டு வைத்த என் அரக்குப் புடவை, மடிப்புக் கலையாமல் இருந்தது.

பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அத்தை. பயம் என்றே சொல்கிறேன், எதற்கு மறைக்க? அவசரத்தில் தலையை மாற்றி ஒட்டினானே என்று பரசுராமனை எத்தனை தடவை திட்டியிருப்பேன்! அதே அவசரத்தில் நானும் மாற்றிக் கட்டிவிட்டேன். சாமி தலைக்கு இறந்துபோன உங்கள் உடுப்பு. கூடத்தில் நின்றது யார் என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல் பீரோவை மூடிவிட்டு வந்தேன். சொன்னால் மாமா புடவையை உருவச் சொல்வார். உருவினால் குடம் என்ன ஆகும்? குடம் நிற்கும் வரைதானே தாரிணி வீட்டில் இருக்கலாம்?

குடம் நின்றது. ரயில் போயிற்று.

மறுநாள் காலையிலும் நின்றது. அதன் மேல் முத்து முத்தாக வியர்த்திருந்தது. தலை இப்போது தெருக்கதவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. பால் எடுக்கப் போன நான் அதன் முன்னால் நடக்க மாட்டாமல் சுவரோரமாக ஒதுங்கிப் போனேன். மாமா பால்கனிக்குப் போகவில்லை. கூடத்தில் நாற்காலியைப் போட்டு, குடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஏதோ புரிய ஆரம்பித்திருந்தது என்று நினைக்கிறேன். காபியைக் கொடுத்தேன், வாங்கினார், குடிக்கவில்லை.

"இவ ஏன் இன்னும் நிக்கிறா?" என்றார். அம்மனைச் சொன்னாரா, வேறு யாரையாவதா? நான் கேட்கவில்லை.

பிறகு குரலை உயர்த்தினார். "சேகரு! மண்ணுக் கொடம்தான? தட்டி உடைடா. உடச்சிட்டு வேற ரயிலுக்குச் சீட்டு போடு."

உங்கள் பிள்ளை ஒரு கணம் நின்றார். "அப்பா, அது தானா சரியணும்..."

"உடைடான்றேன்."

"சரிப்பா."

அடுக்களைக்குப் போய்த் தேங்காய் உடைக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். தாரிணி சுவரோடு ஒட்டி நின்றாள். அவர் குடத்தின் முன்னால் குனிந்தார். அப்படியே நின்றார். முந்தானை நுனியைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த முறுக்கிய மூலை. துருக்கறை.

"கோமு... இது உன் புடவை இல்லையே. இது அம்மாவோடது."

அப்போது அந்த நுனி அசைந்தது, அத்தை. காற்று இல்லை, மின்விசிறி நின்றிருந்தது. குடத்தில் எதுவோ பட்டு டிங் என்றது. "பாட்டி" என்றாள் தாரிணி, அவ்வளவு மெதுவாக.

"இன்னாடா நிக்கிற? அடி!" மாமாவின் குரல் கிறீச்சிட்டது. உங்கள் பிள்ளையின் கை மேலே போனது. அவர் கண்களைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார், ஆனாலும் கை மேலே போய்க்கொண்டேதான் இருந்தது. அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும், அவ்வளவு வெறுப்பும் அந்த நேரத்தில் வந்தது. ஸ்டேஷனில் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்த கையும் இதுதானே?

நான் பாய்ந்து குடத்தைக் கட்டிக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. ஐஸ்கட்டியைக் கட்டின மாதிரி இருந்தது. உள்ளே தண்ணீர் அசைந்தது. தானாகக் குலுங்கியது இல்லை அது, ஏறி இறங்கியது, தூங்குகிறவர்களின் நெஞ்சு மாதிரி. என் கன்னத்தோடு பித்தளைக் கன்னம். கதகதப்பாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் இங்கே நிற்பது உங்கள் இஷ்டமா? நான் அவசரத்தில் கட்டின புடவைக்குத்தான் வந்தீர்களா? மறுபடியும் யாரும் கேட்காமலே உங்களைக் கூட்டிவந்து, கேட்காமலே நிறுத்தி வைத்திருக்கிறோமா? தாரிணிக்காக நானும் உங்களைப் பெட்டி மாதிரி வைத்துக்கொண்டிருந்தேனா?

நீங்கள் வாய்விட்டுச் சிரிப்பீர்களே, அந்த என் திருநெல்வேலித் தமிழில், அந்தப் பித்தளைக் காதில் கேட்டேன்.

"அத்தை, இருக்கியளா, போறியளா? உங்க இஷ்டம். பேத்திய நான் பாத்துக்கிடுதேன்."

குடம் உடையவில்லை. உடைந்தது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி என் கைகளுக்குள்ளேயே தளர்ந்தது. மண் குழைந்து மடியில் இறங்கியது. தண்ணீர் என் மேலெல்லாம் வழிந்து தரையில் ஓடியது. தலை மட்டும் என் கையில் மிஞ்சியது. அது சில்லென்று ஆகிவிட்டிருந்தது. ஈரப் புடவை தரையில் விழும்போது கணீரென்று ஒரு சத்தம் கேட்டது. முந்தானை நுனியில் முடிச்சு. முடிச்சுக்குள் சாவி.

நான் அந்தப் புடவைக்குக் கொசுவம் வைத்தவள். அந்த முந்தானையைக் கையால் நீவித் தொங்கவிட்டவள். அப்போது அதில் முடிச்சும் இல்லை, சாவியும் இல்லை. இதை நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

தண்ணீர் மாமாவின் நாற்காலி வரைக்கும் போயிற்று. அவர் காலைத் தூக்கிக்கொள்ளவில்லை. பாதத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்பதைப் பார்த்துக்கொண்டே, "இன்னா சொன்ன அவகிட்ட?" என்றார்.

"கேட்டேன் மாமா. இருக்கீங்களா போறீங்களான்னு கேட்டேன்."

உங்கள் பிள்ளை கத்தியைக் கீழே வைத்தார். பழைய துண்டு ஒன்றை எடுத்துவந்து, மண்டியிட்டு, தரையைத் துடைக்க ஆரம்பித்தார். பேண்ட் முழுக்கச் சேறு. நிமிராமலே பேசினார், யாரிடம் பேசினார் என்றுகூடச் சொல்ல முடியாது.

"தாரிணி எங்கயும் போகமாட்டாப்பா. காலேஜுக்குப் போவா. அந்தப் பையன் யாருன்னு நான் அவளையே கேட்டுக்கறேன்."

அப்பா முன்னால் அவர் வாயிலிருந்து "சரிப்பா" இல்லாத ஒரு முழு வாக்கியத்தை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். குரல் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நடுங்கினால் என்ன, சொல்லிவிட்டார். நான் சேறும் தண்ணீருமாக அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரேணுகா ஒருவனைப் பார்த்ததற்குக் குடம் கரைந்ததாம். நீங்களும் பார்த்தீர்கள், நல்லாத்தான் இருந்தான் என்று வேறு சொன்னீர்கள். உங்கள் புடவை சுற்றிய குடம் நின்றதே, அத்தை! அப்படியானால் அந்தக் கதையில் குடம் எதற்குக் கரைந்தது? அவள் பார்த்ததற்கா, அல்லது அவளை வெட்ட வருகிறார்கள் என்று தெரிந்தா? மண் குடம் வந்து உங்களுக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்கு எதற்குச் சாட்சி? ஆனால் மாமா பார்த்தார். அது போதும்.

சாவியைத் தாரிணியிடம் கொடுத்துவிட்டேன். காலேஜ் அடையாள அட்டைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு திரிகிறாள். "ஃபைனல், இது என் வீடு" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறாள். நடந்தால் அதே சத்தம். கீழ்வீட்டு அம்மாள்கூட முதல் நாள் திடுக்கிட்டு எட்டிப் பார்த்தாளாம்.

மாமா மறுபடியும் பால்கனிக்குப் போக ஆரம்பித்துவிட்டார். ஆனால் தெருவைப் பார்த்து உட்காருவதில்லை. நாற்காலியைத் திருப்பி, வீட்டுக் கதவைப் பார்த்துப் போட்டுக்கொள்கிறார். காலையில் தாரிணி கிளம்பும்போது சாவி டிங் என்றதும் நிமிர்கிறார். "போய்ட்டு வரியாம்மா?" என்று கேட்கிறார். உங்களிடம் ஒருநாளும் அவர் எதையும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார், அதுதான் எனக்குப் புதிது.

தாரிணி நேற்று என்னிடம் வந்து கிசுகிசுத்தாள். "மா, தாத்தா கேக்கும்போது என்னைப் பாக்கறதே இல்ல. என் பக்கத்துல பாக்கறார். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே தலையாட்டிடறார்."

உங்களிடம் கேட்கிறேன். அவருக்கு என்ன பதில் சொல்கிறீர்கள், அத்தை?

அரக்குப் புடவையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அம்மன் கட்டினதை மறுநாள் மருமகள் கட்ட வேண்டும் என்பது வழக்கம், நான் கட்டவில்லை. அது உங்களுடையது. அடுத்த ஆடியில் பரண் ஏறி, அரிசி டிரம்மின் மேல் கையை வைத்து, முதலில் கேட்பேன்: வாரியளா? கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். சத்தம் வந்தால்தான் மூடியைத் திறப்பேன். வராவிட்டால் அரிசிக்குள் நிம்மதியாக இருங்கள், யார் சொன்னாலும் நான் டிரம்முக்குள் கையை விட மாட்டேன். இது சத்தியம்.

உங்களைக் கட்டிக்கொண்ட அந்த இன்னொருத்தி,
உங்கள் மருமகள்
கோமதி